நாச்சிமுத்துவின் சர்க்கரை ஏன் இறங்கவில்லை

சர்க்கரை நோயாளி உங்களிடம் பொய் சொல்கிறார் என்று தோன்றும் நாள் கண்டிப்பாக வரும். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்திலேயே வந்துவிடும். பெரும்பாலும் நீங்கள் நினைப்பது சரியாகவும் இருக்கும். அப்படிச் சரியாக இருந்து இருந்து பழகிப்போவதில்தான் ஆபத்து இருக்கிறது. நர்ஸ் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியது அதைப் பற்றித்தான். ஊசி எப்படிப் போடுவது, காயத்தை எப்படிக் கட்டுவது என்பதையெல்லாம் சொல்லித்தர என்னைவிடக் கெட்டிக்காரர்கள் உங்கள் ஆஸ்பத்திரியிலேயே இருக்கிறார்கள்.

நான் பிறந்தது அயோத்தியாப்பட்டணம். எழுபதுகளின் நடுவில் கல்யாணமாகி நாமக்கல் வந்து, அங்கே ஒரு சின்னத் தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸாகச் சேர்ந்தேன். வந்த புதிதில் அந்தப் பக்கத்துப் பேச்சைக் கேட்டு எனக்கு ஒரே சிரிப்பு. வலி தாங்காமல் கத்துகிற ஆள்கூட, "ஐயோ, நோவுதுங்க" என்று மரியாதையோடு கத்துவார். சண்டை போட்டாலும் 'ங்க' போட்டுத்தான் சண்டை. இவ்வளவு மரியாதையான ஜனங்கள் இவ்வளவு பொய் சொல்வார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

அந்த ஆஸ்பத்திரியை நடத்தியவரை நாங்கள் பெரிய டாக்டர் என்போம். நல்ல கைராசிக்காரர். இல்லாதவர்களிடம் காசு கேட்க மாட்டார். ஆனால் சர்க்கரை நோயாளி என்றால் மட்டும் அவருக்குள் இருக்கும் போலீஸ்காரர் எழுந்து உட்கார்ந்துவிடுவார். அதற்குக் காரணமும் இருந்தது.

அப்போது எங்களிடம் இருந்ததெல்லாம் ஒரு நீலக் கரைசல். சோதனைக் குழாயில் அதை ஊற்றி, மூத்திரம் சில சொட்டு விட்டுக் காய்ச்சுவோம். நீலமாகவே நின்றால் நல்லது. பச்சை, மஞ்சள் என்று மாறிப்போய்ச் செங்கல் நிறம் வந்துவிட்டால் சர்க்கரை கொட்டுகிறது என்று அர்த்தம். இது நோயாளிகளுக்கும் தெரியும். அதனால் டாக்டரிடம் வருவதற்கு இரண்டு நாள் முன்பு வெறும் கேழ்வரகுக் களியும் மோருமாக இருந்துவிட்டு, சோதனை முடிந்ததும் நேரே மிட்டாய்க் கடைக்குப் போகிறவர்கள் இருந்தார்கள். பரமத்தி வேலூரிலிருந்து வந்த ஒரு வாழைத்தோட்டக்காரர், வீட்டிலிருந்தே பாட்டிலில் கொண்டுவந்து கொடுத்தார். காய்ச்சினால் பளிச்சென்று நீலம். ஆளைப் பார்த்தால் கால் புண் ஆறவே இல்லை. பெரிய டாக்டர் உருட்டி மிரட்டியதும் சொல்லிவிட்டார்: "எம்பட மச்சானுதுங்க. அவனுக்கு ஒரு நோக்காடும் இல்லீங்க. சுத்தமா இருக்குமேன்னு கொண்டாந்தேன்." அன்றைக்கெல்லாம் நாங்கள் வேலையே செய்யவில்லை, அவ்வளவு சிரிப்பு.

இப்படிப்பட்டவர்களைப் பார்த்துப் பார்த்து, செங்கல் நிறம் வந்தால் யாரோ எதையோ தின்றிருக்கிறார்கள் என்பது எங்கள் ஆஸ்பத்திரியில் சட்டமாகிவிட்டது. டாக்டர் முதல் கம்பவுண்டர் வரை யாருக்கும் அதில் சந்தேகம் இல்லை. எனக்கும்தான் இல்லை.

நாச்சிமுத்து வந்தது எண்பதுகளின் தொடக்கத்தில். சேந்தமங்கலத்துக்குப் பக்கத்தில் தோட்டம் வைத்திருந்தார். நெட்டையான ஆள், அதிகம் பேச மாட்டார், கேட்டதற்கு மட்டும் பதில். எப்போதும் கூடவே மனைவி பாவாயி வருவாள். எனக்கும் அவளுக்கும் ஒரே வயது என்பதால் நாங்கள் சீக்கிரமே பழகிவிட்டோம், அந்த உரிமையில்தான் அவள் என்று எழுதுகிறேன். அவர் பேசாததையெல்லாம் சேர்த்து அவளே பேசிவிடுவாள்.

முதல் தடவை செங்கல் நிறம். பெரிய டாக்டர் மாத்திரை எழுதி, சோறு, கிழங்கு, வெல்லம், சர்க்கரை எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னார். பாவாயி ஒன்றுவிடாமல் கேட்டுக்கொண்டாள். அடுத்த தடவை வந்தபோதும் செங்கல் நிறம். மாத்திரை ஏறியது. அதற்கடுத்த தடவையும் அதே நிறம்தான்.

"என்ன சாப்பிடறீங்க, உண்மையைச் சொல்லுங்க," என்றார் டாக்டர்.

"ராயிக் களி ஒரு உருண்டைங்க. கீரைங்க. மோருங்க," என்றார் நாச்சிமுத்து.

"அது மட்டும்தானா?"

"அவ போடறதத்தானுங்க திங்கறேன்."

டாக்டர் பாவாயி பக்கம் திரும்பினார். "ஏம்மா, புருஷன் மேல பாசம் வழிஞ்சு ஏதாச்சும் கள்ளத்தனமா குடுக்கறியா? பொம்பளைங்க செய்யறதுதானே இது?"

"ஐயோ, இல்லீங்க சாமி! காப்பியில கூடச் சக்கரை போடறதில்லீங்க. எங்கூட்டு அடுப்படியில வெல்லம்னு ஒண்ணு இல்லவே இல்லீங்க."

"அப்புறம் எப்படி இந்த நிறம் வருது? ஆகாயத்திலிருந்தா வருது?"

அதே நாளில் வழக்கமான கேள்விகளில் ஒன்றாகத் தூக்கம் எப்படி என்றும் டாக்டர் கேட்டார். நாச்சிமுத்து கொஞ்சம் யோசித்துவிட்டு, "கண்ண மூடுனா அண்ணன் ஊட்டு மோட்டாரு ஓடற சத்தம் கேக்குதுங்க. ஓடாதப்பவும் கேக்குதுங்க," என்றார்.

"காதுல பஞ்சு வெச்சுக்குங்க," என்று சொல்லிக்கொண்டே டாக்டர் மாத்திரையை எழுதினார். நாங்கள் சிரித்தோம். நாச்சிமுத்துவும் எங்களோடு சேர்ந்து சிரித்தார். அந்த மனிதர் தன் நோய்க்கான காரணத்தைத் தன் வாயாலேயே சொன்ன ஒரே தடவை அதுதான்.

மோட்டார் விஷயம் என்னவென்று வராந்தாவில் உட்கார்ந்து பாவாயிதான் சொன்னாள். அண்ணன் தம்பி பாகம் பிரித்தபோது கிணறு அண்ணன் பங்குக்குப் போய்விட்டது. முறை வைத்துத் தண்ணீர் விடுவதாகப் பேச்சு. கொஞ்ச நாளில் பெண்களுக்குள் ஏதோ வார்த்தை தடித்து, அண்ணன் தண்ணீரை நிறுத்திவிட்டார். வரப்புக்கு அந்தப் பக்கம் தண்ணீர் பாய, இந்தப் பக்கம் தென்னை ஒவ்வொன்றாக மட்டையைத் தொங்கப்போட்டது. நாச்சிமுத்து இரண்டு இடத்தில் ஆழ்துளைக் கிணறு போட்டுப் பார்த்தார். இரண்டிலும் பாறைத் தூசி புகையாக வந்ததோடு சரி. அதிலிருந்து மனிதர் கயிற்றுக் கட்டிலில் மல்லாந்து கிடந்து அந்த மோட்டாரையே கேட்டுக்கொண்டிருந்தார்.

"வெசனம்தானுங்க அக்கா அவர அரிக்குது," என்றாள் பாவாயி. கவலையை அந்தப் பக்கத்தில் வெசனம் என்பார்கள். நான் உச்சுக்கொட்டிக் கேட்டேன். ஊர்க்கதையாகக் கேட்டேனே தவிர, அது டாக்டர் மேஜைக்குப் போக வேண்டிய தகவல் என்று எனக்குத் தோன்றவில்லை.

இன்றைக்கு இதை உங்களுக்குப் பாடமாகவே சொல்லித்தருகிறார்கள். அன்றைக்கும் புத்தகத்தில் இல்லாமல் இல்லை. உடம்புக்குக் கவலைக்கும் புலிக்கும் வித்தியாசம் தெரியாது. பயம் என்று வந்துவிட்டால், ஓடுவதற்கோ சண்டை போடுவதற்கோ தெம்பு வேண்டுமே என்று உள்ளே சேர்த்து வைத்திருக்கும் சர்க்கரையை அவிழ்த்து ரத்தத்தில் விடும். புலி என்றால் சிறிது நேரத்தில் ஓடி முடித்துவிடலாம். கூடப்பிறந்தவன் வீட்டு மோட்டார் மாதக் கணக்கில் ஓடுகிறது. போதாததற்குத் தூக்கமும் போய்விட்டால், வாயில் ஒரு பருக்கை இனிப்பு படாமலேயே சர்க்கரை ஏறும். சாப்பாட்டைச் சரிசெய்தால் பாதி சரியாகும், மீதிப் பாதியை மனிதரிடம் உட்கார்ந்து கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். கேட்பதற்கு அங்கே யாருக்கும் பொறுமை இல்லை.

அடுத்த முறையும் டாக்டர் அதே கேள்வியைக் கேட்டபோது பாவாயி எழுந்துவிட்டாள். எங்கள் கம்பவுண்டர் காலையில் சாமி படத்துக்குக் கற்பூரம் ஏற்றும் நேரம் அது. விறுவிறுவென்று போய், எரிந்துகொண்டிருந்த கற்பூரத்தை வெறும் உள்ளங்கையால் அடித்து அணைத்தாள். "எங்கையால இவருக்கு இதுவரைக்கும் ஒரு துளி இனிப்புக் குடுத்ததில்லீங்க. இனியும் குடுக்க மாட்டேன். இது சத்தியமுங்க." உள்ளங்கை கருகியிருந்தது. நான்தான் மருந்து போட்டேன்.

அதற்கப்புறமாவது நாங்கள் யோசித்திருக்கலாம். அடுத்த தடவை வந்தார்கள், காய்ச்சினேன், மறுபடியும் செங்கல் நிறம். டாக்டர் குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இந்த ஊர்ல கற்பூரமும் பொய் சொல்லுதே," என்றார். வரிசையில் உட்கார்ந்திருந்தவர்களெல்லாம் சிரித்தார்கள். பாவாயி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். நாச்சிமுத்து அவளைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையை அன்றைக்கு நான் ஆறுதல் என்று எடுத்துக்கொண்டேன்.

மாத்திரை இன்னும் ஏறியது. வீட்டுக்குப் போன பாவாயி அந்த ஒரு உருண்டைக் களியையும் பாதியாக்கிவிட்டாள். மாத்திரை கூடக் கூடச் சாப்பாடு குறைந்துகொண்டே போனது. இதில் என்ன ஆபத்து என்பது இப்போது உங்களுக்கு உடனே தெரியும். அளவுக்கு மேல் சர்க்கரை இறங்கினால் வேர்க்கும், கை நடுங்கும், பேச்சு குழறும், அப்போது கொஞ்சம் இனிப்பை வாயில் போட்டால் பிழைத்துக்கொள்ளலாம் என்று நாங்கள் யாரிடமும் சொல்வதில்லை. டாக்டரின் உத்தரவு அது. "சொன்னோம்னா தினமும் தலை சுத்துதுன்னு சொல்லி லட்டு தின்பானுங்க," என்பார். அவர் சொன்னதிலும் உண்மை இருந்தது. மச்சானின் மூத்திரத்தைக் கொண்டுவந்தவர்களை வைத்துப் பார்த்தால் அது சரிதான்.

பிறகு நடந்ததை, நாச்சிமுத்துவைத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். தோட்டத்தில் மூன்றாவது முறையாக ஆழ்துளை போடும் ரிக் வண்டி வந்து நின்றிருக்கிறது. தண்ணீர் வரும் வரை பச்சைத் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை என்று நாச்சிமுத்து வேண்டிக்கொண்டிருக்கிறார். மாத்திரையை மட்டும் டாக்டர் சொன்னாரே என்று காலையில் தவறாமல் போட்டுக்கொண்டிருக்கிறார். வெயிலில் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்திருக்கிறார். உச்சிப்பொழுது தாண்டியதும் புகை நின்று, சேறு வந்து, தண்ணீர் பீய்ச்சி அடித்திருக்கிறது.

ஊரே திரண்டுவிட்டது. தேங்காய் உடைத்தார்கள், பெண்கள் குலவை போட்டார்கள். தண்ணீர் விழுந்த சத்தம் கேட்டு வரப்பு தாண்டி அண்ணனும் அவர் மனைவியும் வந்துவிட்டார்கள். அந்தக் கூட்டத்தின் நடுவில் நாச்சிமுத்துவுக்கு உடம்பெல்லாம் வேர்த்துக் கொட்டியது. கை கால் உதறியது. என்னென்னவோ உளறினார். கண்டவர்கள் என்ன நினைப்பார்கள்? "சாமி வந்துருச்சு!" என்று ஒருவர் கத்த, எல்லோரும் கையெடுத்துக் கும்பிட்டார்கள். வந்திருப்பது கன்னிமாரா, கருப்பனாரா என்று கேட்டார்கள். அவர் ஏதோ சொன்னார், யாருக்கும் புரியவில்லை. முதலில் காலில் விழுந்தது அண்ணன்தான். "தண்ணிய நிறுத்துனது எம்பட குத்தமுங்க சாமி, மன்னிச்சுப்போடுங்க," என்று அழுதிருக்கிறார். அந்தக் குடும்பத்துக்கு வேண்டியிருந்த வார்த்தை அது. கேட்க வேண்டியவருக்கு அது காதில் ஏறவில்லை.

சாமி வந்தவருக்குப் பானகம் கொடுப்பது வழக்கம். அண்ணன் மனைவி ஓடிப்போய் ஒரு சொம்பு வெல்லத்தண்ணீர் கரைத்துக் கொண்டுவந்தாள். வாய்கிட்டப் போன சொம்பைப் பாவாயி தட்டிவிட்டாள். பங்காளி வீட்டுத் தண்ணீர் என்பதால் தட்டிவிட்டாள் என்று ஊர் நினைத்தது. கொஞ்ச நேரத்தில் அவர் சுருண்டு விழுந்தார். சாமி மலையேறிவிட்டது, அசதியில் தூங்குகிறார் என்று திருநீறு பூசி, தென்னை நிழலில் படுக்க வைத்துவிட்டார்கள். பொழுது சாயும்போது எழுப்பிப் பார்த்தும் எழவில்லை. அப்புறம்தான் ரிக்கோடு வந்த லாரியில் போட்டு எங்களிடம் கொண்டுவந்தார்கள்.

பெரிய டாக்டர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார், எப்போது சாப்பிட்டார் என்று கேட்டார், அவ்வளவுதான், அவருக்குப் புரிந்துவிட்டது. நரம்பில் குளுக்கோஸ் ஏற்றினோம். இந்த மாதிரிக் கேஸில் ஊசி உள்ளே போகப் போகவே ஆள் எழுந்து உட்கார்ந்து, நான் எங்கே இருக்கிறேன் என்று கேட்பார். நாச்சிமுத்து கண்ணைத்தான் திறந்தார். யாரையும் தெரியவில்லை. மூளை ரொம்ப நேரம் பட்டினி கிடந்துவிட்டது.

டாக்டர் வெளியே வந்து கத்தினார். "அத்தனை பேர் இருந்தீங்களே, ஒருத்தருக்காவது ஒரு வாய் வெல்லத்தண்ணி குடுக்கத் தோணலையா?"

"கொண்டாந்தமுங்க," என்றார் அண்ணன். "எங்கூட்டுத் தண்ணின்னு இவதான் தட்டி உட்டுப்போட்டா."

பாவாயி தலையைத் தூக்கினாள். "அதுக்கில்லீங்க. அவுங்க ஊட்டுத் தண்ணின்னா எனக்கு என்னுங்க? வெல்லமுங்க அது. கற்பூரத்த அணைச்சிருக்கறனுங்களே. அடுத்த தடவ வாரப்ப உங்க மூஞ்சியில நான் எப்படிங்க முழிப்பேன்?"

டாக்டர் உள்ளே போய் நாச்சிமுத்துவின் நாடியை மறுபடியும் பிடித்துப் பார்த்தார்.

நாச்சிமுத்து உயிர் பிழைத்தார். கையைப் பிடித்து நடக்க வைத்தால் நடப்பார், ஊட்டினால் சாப்பிடுவார். எது சொன்னாலும் "செரிங்க" என்பார், அதைத் தவிர வேறு பேச்சு வரவில்லை. சேலத்துக்கு அனுப்பி அங்கிருந்த நிபுணர்களிடமும் காட்டினோம், இவ்வளவுதான் என்று சொல்லிவிட்டார்கள். திரும்ப எங்களிடமே வந்து சில வாரம் இருந்தார். மாத்திரையை முன்பு கொடுத்ததில் பாதிக்கும் கீழே குறைத்திருந்தோம். சாப்பாடு பாவாயி கொண்டுவரும் அதே களி, கீரை, மோர்தான். டாக்டர் சொல்லி உருண்டையை மட்டும் பெரிதாக்கியிருந்தாள்.

ஒருநாள் காலையில் வழக்கம்போலக் குழாயைக் காய்ச்சினேன். நிறம் மாறவில்லை. சந்தேகப்பட்டு மறுபடியும் காய்ச்சினேன். நல்ல நீலம். ரத்தமும் எடுத்துச் சேலத்துக்கு அனுப்பிப் பார்த்தோம், அதுவும் சரியாகவே இருந்தது. மறுநாளும் அப்படியே. அவரிடம் மாறியிருந்தது ஒன்றே ஒன்றுதான். அண்ணன், கிணறு, காய்ந்த தென்னை, மோட்டார், எதுவுமே அவர் நினைவில் இல்லை. படுத்தால் விடிய விடியத் தூங்கினார். அந்தக் குழாயைக் கையில் வைத்துக்கொண்டு நான் அழுதேன். இத்தனை நாள் எது அந்தச் சர்க்கரையை ஏற்றியது என்பதை இதைவிடத் தெளிவாக எந்தப் புத்தகமும் எனக்குச் சொன்னதில்லை. அதைத் தெரிந்துகொள்ள ஒரு மனிதரின் புத்தியே போக வேண்டியிருந்தது என்பதை நினைத்தால் இப்போதும் எனக்கு ஆறவில்லை.

பாவாயி கிட்ட வந்து குழாயைப் பார்த்தாள். "இந்த நெறம் நல்லதுங்களா அக்கா?"

"நல்லதும்மா."

"களிதானுங்க போட்டேன். அப்பவும் இதே களிதானுங்க போட்டேன்."

பின்னால் பெரிய டாக்டர் நின்றிருந்தார். "தெரியுதும்மா," என்றார். "நீ சொன்னது அத்தனையும் நிஜம். நாங்கதான் நம்பலை. தப்பு எங்க மேலதான்."

அவள் அழுவாள், திட்டுவாள் என்று நினைத்தேன். இரண்டும் செய்யவில்லை. கட்டிலைக் கைகாட்டினாள்.

"எங்கிட்டச் சொல்லி என்னுங்க ஆகப்போகுது? அவருகிட்டச் சொல்லுங்க. நீங்க கேக்கக் கேக்க, அவரும் என்னைய ஒரு மாதிரியாப் பாக்க ஆரம்பிச்சுட்டாருங்க. களியில என்னத்தடி கலக்கறேன்னு ஒரு நாளு கேட்டுப்போட்டாருங்க."

பெரிய டாக்டர் கட்டிலுக்குப் போனார். குனிந்து, நாச்சிமுத்துவின் தோளில் கை வைத்து, சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போல நிறுத்தி நிறுத்திச் சொன்னார்: "உங்க சம்சாரம் உங்களுக்கு எதுவும் கலந்து குடுக்கலை. அவங்க மேல ஒரு தப்பும் இல்லை. கேக்குதுங்களா?"

நாச்சிமுத்து அவர் முகத்தைப் பார்த்துச் சிரித்தார். "செரிங்க," என்றார்.

"இன்னொருக்கா சொல்லுங்க," என்றாள் பாவாயி.

டாக்டர் இன்னொரு முறை சொன்னார்.

"செரிங்க," என்றார் நாச்சிமுத்து.